வெற்றிலையில் இருந்த உருண்டை

காலை ஏழு இருபதுக்கு என் மகள் ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே, "அம்மா, பிரசாதம் சூப்பரா இருந்துச்சு, இன்னொண்ணு இருக்கா?" என்று கேட்டாள். அன்று நான் பிரசாதம் எதுவும் வைக்கவில்லை.

நேரம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஏழரைக்கு அவளுடைய பள்ளி வேன் வரும். அந்த நேரத்தில் நான் மனிதர்களைவிடக் கடிகாரத்தைத்தான் அதிகம் பார்ப்பேன். கையில் சித்ரான்னம் ஒட்டியிருந்தது. அவளுடைய டப்பாவை மூடியாகிவிட்டது, என்னுடையதை மூடிக்கொண்டிருந்தேன்.

"என்ன பிரசாதம்?"

"சாமி ரூம்ல இருந்துச்சே. கீழ்த் தட்டுல, சரஸ்வதி போட்டோவுக்குப் பின்னாடி. வெத்தலை மேல ரவை உருண்டை."

"யாரைக் கேட்டு எடுத்தே?"

"பிரசாதத்துக்கு யாரைக் கேக்கணும்?" என்றாள்.

சரியான கேள்வி. சாமி அலமாரியில் வெற்றிலை மேல் ஒரு பண்டம் இருந்தால் அது பிரசாதம். கண்ணில் ஒற்றிக்கொண்டு வாயில் போட வேண்டியதுதான். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள் நாங்கள். கேட்காதே, மோந்து பார்க்காதே, மிச்சம் வைக்காதே. பரீட்சை நாள் என்றால் அவள் கீழ்த் தட்டில் சாய்த்துவைத்திருக்கும் பழைய சரஸ்வதி படத்தைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் கிளம்புவாள். அன்று சோஷியல் டெஸ்ட்.

குளியலறைக் கதவு திறந்தது. என் கணவர் ஒரு கன்னம் மழித்தும் மறு கன்னம் நுரையுமாக வெளியே வந்தார்.

"உன் தம்பி நேத்து ராத்திரி எலிக்கு வெக்கறேன்னு கையில ஒரு உருண்டையும் மருந்துப் பெட்டியுமா நின்னான்," என்றார். "நான் தூக்கக் கலக்கத்துல சரி சரின்னுட்டேன்."

அதைச் சொல்லி முடித்ததும் அவருடைய கை தானாகப் போய்க் கன்னத்து நுரையைத் துடைத்தது. அந்த ஒரு கணத்தில், தன் முகம் சுத்தமாக இருக்க வேண்டும் என்று அந்தக் கைக்குத் தோன்றியிருக்கிறது. நல்ல மனிதர்தான். ஆனாலும் அவர் சவரம் செய்துகொள்ளும் நேரத்தில் நான் இப்போதும் அந்தப் பக்கம் போவதில்லை.

எங்கள் வீடு மைசூரில், அக்ரஹாரத்துப் பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே ஒரு மளிகைக் கடையின் கிடங்கு. சாமி ரூம் என்று சொல்கிறோமே தவிர, அது அடுப்படிக்கும் ஹாலுக்கும் நடுவே சுவரில் பதித்த ஓர் அலமாரி. மேல் தட்டில் படங்களும் விளக்கும். கீழ்த் தட்டில் எண்ணெய், திரி, பத்திக் கட்டுகள், இடம் போதாமல் இறக்கிவைத்த படங்கள்.

பால் காய்ச்சி இறக்கிய பிறகு, கணவரின் அலாரம் அடிப்பதற்கு முன்னால், அந்தக் கதவைத் திறந்து விளக்கேற்றி ஒரு பலகையைப் போட்டு உட்காருவேன். பத்து நிமிடம் இருக்கும். எனக்கு ஸ்லோகம் அதிகம் தெரியாது. நான் இயல்பிலேயே பயந்தவள். வேன் சற்றுத் தாமதமானால் அது எங்கோ கவிழ்ந்து கிடக்கிறது என்று நினைப்பேன். கணவர் போனை எடுக்காவிட்டால் எந்த ஆஸ்பத்திரி என்று யோசிப்பேன். விளக்கின் முன்னால் இருக்கும் நேரத்தில் மட்டும் அந்த ஓட்டம் நிற்கும். யாரும் எதையும் கேட்பதில்லை, எதையும் தேடித் தரச் சொல்வதில்லை. அந்த நிம்மதியைத்தான் நான் பக்தி என்று நினைத்திருந்தேன். ஆபீசில் ஒருத்தி, "எப்படி மேடம் இவ்வளவு அமைதியா இருக்கீங்க?" என்று கேட்டபோது அந்த அலமாரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறேன், கொஞ்சம் பெருமையோடு.

பிறகு எலி வந்தது. முதலில் திரிகள் காணாமல் போயின. நெய்யில் நனைத்துவைத்த திரிகளை ஒவ்வொன்றாக இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மாதேஸ்வரன் படத்தின் அட்டையை ஒரு மூலையில் கொறித்திருந்தது. ஒரு நாள் காலை கண்ணை மூடியபடியே குங்குமக் கிண்ணத்தில் விரலை வைத்தேன். குங்குமத்தோடு விரலடியில் ஏதோ உருண்டது. நெற்றிக்கு அருகில் கொண்டுபோன விரலை நிறுத்திக் கண்ணைத் திறந்தேன். எலிப் புழுக்கை. சோப்புப் போட்டுக் கழுவினேன், மஞ்சள் தேய்த்துக் கழுவினேன், திரும்பவும் சோப்பு. மதியம் ஆபீசில் ஸ்பூன் கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன்.

அத்தோடு என் பத்து நிமிடம் போயிற்று. கண் விளக்கைப் பார்க்கும், காது கீழ்த் தட்டில் இருக்கும். எலி மூத்திர வாடையும் மல்லிகைப் பத்தி வாசனையும் கலந்தால் எப்படி இருக்கும் என்று சொல்லத் தெரியவில்லை. மல்லிகை அழுகிய மாதிரி என்று வைத்துக்கொள்ளலாம். பத்திக்குப் பேர்போன ஊரில் இருக்கிறோம். ஒன்றுக்கு இரண்டாகக் கொளுத்தினேன். இரண்டு மடங்கு அழுகிய மல்லிகை.

பொறி வைத்தால் தேங்காய்ச் சில்லு மட்டும் போனது. பசை அட்டை வாங்கி வைத்ததில் குட்டி ஒன்று ஒட்டிக்கொண்டு விடியற்காலையிலிருந்து கீச்சிட்டுக்கொண்டே இருந்தது. மகள் அதைப் பார்த்து அழுதாள். கணவர் அட்டையை அப்படியே மடித்துக் குப்பைப் பையில் போட்டார். பை கொஞ்ச நேரம் அசைந்தது. இனிமேல் அட்டை வேண்டாம் என்று மகள் சொல்லிவிட்டாள்.

இந்த நிலைமையில்தான் என் தம்பி வந்தான். கொள்ளேகாலைத் தாண்டி ஹனூர் பக்கம் அவனுக்கு நிலம். மல்பெரி போட்டுப் பட்டுப்புழு வளர்க்கிறான். மைசூரில் கண் டாக்டரைப் பார்த்துவிட்டு, மறுநாள் குண்டலுபேட்டையில் விலைக்கு வந்திருந்த ஒரு பழைய பவர் டில்லரைப் பார்க்கப் போய், அன்று ராத்திரியும் திரும்பி வந்து எங்கள் வீட்டில் தங்குவதாக ஏற்பாடு. வரும்போது அவன் மனைவி மகளுக்காகக் கொடுத்தனுப்பிய ஒரு டின் ரவை உருண்டை கொண்டுவந்தான். மகளுக்கு இருமல் இருந்தது. டெஸ்ட் முடியட்டும் என்று அவள் கண்ணில் காட்டாமல் டின்னைப் பரணில் ஏற்றினேன்.

"இருமலுக்கு உருண்டை ஆவாதுன்னு எந்த டாக்டருங்க்கா சொன்னாரு?" என்று சிரித்தான். "நீங்க பயப்படாம ஒரு நாளு இருந்துட்டா மழையே வந்துரும்."

எலியைப் பற்றிச் சொன்னேன். குங்குமத்தைப் பற்றிச் சொன்னபோது சாப்பிட்டுக்கொண்டிருந்த கணவர், "சாப்பிடறப்ப எதுக்கு இதெல்லாம்," என்றார். தம்பி நிறுத்தாமல் சாப்பிட்டான். அவனுடைய புழுக்கொட்டகையில் எலி புகுந்தால் ஒரே ராத்திரியில் தட்டுத் தட்டாகப் புழுவைத் தின்றுவிடும். அவனுக்கு எலி அன்றாடம்.

"எலிக்கெல்லாம் ஒரு மொறை இருக்குதுங்க்கா. பொறியெல்லாம் அதுக்கு வெளையாட்டு. நீங்க உடுங்க, நான் பாத்துக்கறேன்."

நான் விட்டேன். நன்றாகத் தூங்கினேன். அவன் எப்போது பரணில் ஏறினான், எப்போது பூஜைக்கு வாங்கிவைத்த வெற்றிலையை எடுத்தான் என்று எனக்குத் தெரியாது. தட்டு எடுத்தால் சத்தம் வரும், தரையில் வைத்தால் ஈரம், எதிரில் வெற்றிலை இருந்தது, அவ்வளவுதான் அவன் யோசித்திருப்பான். விடிவதற்கு முன்னால் யாரையும் எழுப்பாமல் பஸ்ஸுக்குப் போய்விட்டான். அதற்குப் பிறகு நான் எழுந்து, பால் காய்ச்சி, விளக்கேற்றி, பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். அந்த உருண்டை என் முழங்காலுக்கு நேர் எதிரே, ஒரு படத்துக்குப் பின்னால் இருந்திருக்கிறது. அன்று கீழ்த் தட்டில் சத்தமே இல்லை. தம்பி வந்த நேரம் நல்ல நேரம் என்றுகூட நினைத்தேன்.

தம்பிக்குப் போன் போட்டேன். ஃப்ரிட்ஜுக்கு மேலிருந்து மணி அடித்தது. சார்ஜில் போட்டதை மறந்துவிட்டுப் போயிருந்தான்.

மகள் ஒற்றை ஷூவோடு நின்றாள். "என்னம்மா, அது பிரசாதம் இல்லையா?" அதற்குள் என் சத்தம் கேட்டு எதிர்வீட்டு அம்மாள் வந்துவிட்டார். கன்னடக்காரர், உதவி என்றால் முதலில் வருகிறவர். "உப்பு நீரு கொடி, உப்பு நீரு," என்று அவரே ஒரு சொம்பில் உப்பைக் கரைத்தார். நான் மகளின் தலையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டாவது மடக்கில் அவள் துணி துவைக்கும் தொட்டியில் வாந்தி எடுத்தாள். எதிர்வீட்டு அம்மாள் குனிந்து அதற்குள் தேடினார். "ரவை வந்துச்சா பாருங்க, ரவை ரவையா இருக்கணும்." நானும் குனிந்து பார்த்தேன். பாலும் கோழையும்தான். நாங்கள் இருவரும் ஒரு குழந்தையின் வாந்திக்குள், காணாமல் போன கம்மலைத் தேடுவது மாதிரி தேடிக்கொண்டிருந்தோம். பின்னால் அவள் தனியாகச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

வேன் கீழே வந்து ஹாரன் அடித்தது. யாரும் பதில் சொல்லவில்லை. அடித்துவிட்டுப் போய்விட்டது.

ஸ்கூட்டரில் அவளை நடுவில் உட்காரவைத்துப் போனோம். வழியில் மிச்ச உப்புத் தண்ணீரை என் புடவை மேல் எடுத்தாள். வெயில் ஏற ஏற அது காய்ந்து விறைத்தது. அன்று முழுவதும் அந்தப் புடவைதான்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் இளம் பெண். கன்னடத்தில்தான் பேசினார், ஆனால் அவர் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் எனக்குத் தமிழில் பதிந்திருக்கிறது.

"உப்புத் தண்ணி யார் குடுத்தது?"

"எதிர்வீட்டு..."

"அவங்க டாக்டரா?"

அவர் மகளின் இமையை விலக்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"வாந்தி எடுக்க வைக்கக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குப் போனா விஷத்தைவிட மோசம். சரி, என்ன மருந்து? பேஸ்ட்டா, கட்டியா, பொடியா? பேர் என்ன?"

"தெரியாது."

"பெட்டி எங்கே?"

"தம்பி எடுத்துட்டுப் போயிட்டான் போல."

அவர் என் முகத்தையே பார்த்தார். "கேளுங்க. எலி மருந்துல பல ஜாதி. சிலதுக்கு மாத்து மருந்து இருக்கு. சிலதுக்கு இல்லை. சிலது இன்னைக்கு ஒண்ணுமே காட்டாது, குழந்தை விளையாடும், சாப்பிடும், ரெண்டு நாள் போன பிறகு ஈரலைப் பிடிக்கும். எதுன்னு தெரிஞ்சாதான் நான் எதுக்குத் தயாராகணும்னு தெரியும். அந்தப் பேரைக் கண்டுபிடிச்சுக் குடுங்க."

கணவர் பெட்டியைத் தேட வீட்டுக்கு ஓடினார். நான் திரைக்கு உள்ளே இருந்தேன். மூக்கு வழியாகக் குழாய் விட்டார்கள். "பேடா அம்மா, பேடா," என்றாள் மகள். வேண்டாம் என்பதைப் பயந்தால் அவள் கன்னடத்தில்தான் சொல்வாள். பிறகு கறுப்பாக ஒன்றைக் கரைத்துக் கொண்டுவந்தார்கள். கரி. விஷத்தை இழுத்துக்கொள்ளுமாம். தார் மாதிரி கெட்டியாகக் குழாயில் இறங்கியது. பாதி எதிர்க்களித்து வாய் வழியாக வந்தது. பல், உதடு, தாடை, வெள்ளைச் சட்டை, எல்லாம் கறுப்பு. பக்கத்துப் படுக்கையில் கையில் கட்டுப் போட்ட ஒரு ஆள், மடியில் பொட்டலத்தைப் பிரித்து இட்லியைச் சட்னியில் புரட்டித் தின்றபடி இதைப் பார்த்துக்கொண்டிருந்தார். சட்னி விரல் வழியாக மணிக்கட்டுக்கு இறங்கியது. நக்கிக்கொண்டார். எனக்கு அவரை அடிக்க வேண்டும் போலிருந்தது. அவர் என்ன செய்தார் பாவம், பசிக்குத் தின்றார்.

ஒரு மூத்த நர்ஸ் என்னை வெளியே நிற்கச் சொன்னார். விஷம் என்றால் போலீசுக்குத் தெரிவிக்க வேண்டும், அதற்கு முன்னால் குழந்தையிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். திரைக்கு இந்தப் பக்கம் நின்றேன். எல்லாம் கேட்டது.

"வீட்ல அப்பா அம்மா ஜகளா ஆடுவாங்களா பாப்பா? சண்டை போடுவாங்களா?"

"ம்ஹூம்." குழாயோடு அவள் குரல் மூக்கடைத்துக் கேட்டது. "அப்பா பேசவே மாட்டாரு."

"அம்மா அடிப்பாங்களா?"

"சோஷியல்ல மார்க் கம்மியானா மட்டும்."

"இன்னைக்கு என்ன டெஸ்ட்?"

"சோஷியல்."

நர்ஸ் திரையை விலக்கினார். வெளியே வந்தபோது என் கையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "சாமி ரூம்ல யாரும்மா எலி மருந்து வெப்பாங்க?" என்று கேட்டார். கேள்வி அல்ல அது. என் மேல் ஏதோ ஒட்டியிருப்பது போல இருந்தது, குங்குமக் கிண்ணத்தில் விரல் வைத்த அன்று இருந்தது போல.

கணவர் திரும்பி வந்தார். பெட்டி கிடைக்கவில்லை. அதற்குப் பதிலாக ஒரு பிளாஸ்டிக் கவரில் அந்த வெற்றிலையைப் போட்டுக் கொண்டுவந்திருந்தார். டாக்டரிடம் நீட்டினார்.

"இதை வெச்சு நான் என்ன சொல்ல முடியும்?" என்றார் டாக்டர்.

கணவர் கவரை வெளிச்சத்தில் பிடித்தார். "இங்க பாரு, எறும்பு. உருண்டைத் தூளைத் தின்னுக்கிட்டு உயிரோட ஓடுது பாரு."

"எறும்புக்கும் எலிக்கும் ஒண்ணா?" என்றேன்.

"இல்ல, ஒரு சமயம் மருந்து பக்கமா போகாம..."

"நீங்க ராத்திரியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா இந்த எறும்பை நாம பாத்துக்கிட்டு நிக்க வேண்டியதில்லை."

"சும்னிரு," என்றார். அவரும் பயந்தால் கன்னடம்தான். சும்மா இரு. கவருக்குள் எறும்புகள் வெற்றிலையின் நரம்பு வழியாக வரிசையாகப் போய்க்கொண்டிருந்தன.

தம்பியின் போனையும் எடுத்துவந்திருந்தார். பூட்டியிருந்தது. மகள் கை நீட்டினாள். மாமாவின் போனில் விளையாடி விளையாடி, பூட்டைத் திறக்க இழுக்கும் கோடு அவளுக்குத் தெரியும். கரி ஒட்டிய விரலால் கண்ணாடியில் கோடு இழுத்தாள், திறந்தது. கடைசியாகப் பேசிய எண்ணுக்குப் போட்டேன். பவர் டில்லர்காரர்தான் எடுத்தார்.

"உங்க தம்பியா? வந்தாரு, இன்ஜினைக் கழட்டி மாட்டிப் பாத்தாரு, சத்தம் சரியில்லைன்னாரு, போயிட்டாரே. எனக்கு அந்தச் சத்தம் சரியாத்தான் கேக்குது."

"எப்ப போனான்?"

"இப்பத்தான். பஸ்ல இருப்பாரு. ஏன், வாங்கிக்கறேன்னு சொல்லச் சொன்னாரா?"

அப்படியானால் அந்த மருந்தின் பெயர் குண்டலுபேட்டைக்கும் மைசூருக்கும் நடுவில் ஏதோ ஒரு பஸ்ஸில், ஏதோ ஒரு ஜன்னலோரத்தில் உட்கார்ந்து வந்துகொண்டிருந்தது. கணவர் எதிர்வீட்டு அம்மாளுக்குப் போன் செய்து, தம்பி வந்தால் அனுப்பிவைக்கச் சொன்னார். காத்திருப்பதைத் தவிர வேறு ஒன்றும் இல்லை. ரத்தம் எடுத்துப் போயிருந்தார்கள். முதல் பரிசோதனையில் ஒன்றும் தெரியாமல் இருந்தாலும் அதை நம்ப வேண்டாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்.

ஆபீசில் லீவு சொன்னது எப்படியோ பரவி, என் அமைதியை மெச்சிய அதே பெண்ணிடமிருந்து குரல் செய்தி வந்தது. "மேடம், கடவுள் தனக்குப் பிடிச்சவங்களைத்தான் சோதிப்பாரு. நீங்க தினம் விளக்கேத்தறவங்க, ஒண்ணும் ஆகாது." நல்ல மனதோடு சொன்னதுதான். பின்னணியில் டீ கிளாஸ் சத்தம் கேட்டது. நான் அதை அழித்தேன். அழித்த பிறகும் காதுக்குள் பிசுபிசுவென்று இருந்தது.

வராந்தாவின் கோடியில் ஒரு பிள்ளையார். எல்லா ஆஸ்பத்திரியிலும் இருப்பதுதான். கால் தானாக அங்கே போனது. கையும் கூப்பிக்கொண்டது. மனம் எதையாவது சொல்ல வேண்டும் என்று வாயைத் திறந்தபோது பீடத்தைப் பார்த்தேன். பிள்ளையாரின் காலடியில் பித்தளை எலி. இரண்டு முன்னங்கால்களிலும் ஓர் உருண்டையைப் பிடித்துக்கொண்டு, மேலே பார்த்தபடி. யாரோ அதன் தலையிலும் குங்குமம் வைத்திருந்தார்கள். ஆயிரம் தடவை பார்த்த எலி. கையை இறக்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

படுக்கைக்குத் திரும்பியபோது மகள் கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, சாமி முன்னாடி இருந்ததுதானே. ஒண்ணும் ஆகாதுல்ல?"

அவள் என்னைத் தேற்றுகிறாளா, என்னைக் கேட்கிறாளா என்று தெரியவில்லை. "ஆகாது," என்றேன். அந்தப் பதிலைச் சொன்ன என் வாயே எனக்குக் குமட்டியது. தெரியாத ஒன்றைத் தெரிந்த மாதிரி, ஆபீஸ் பெண் சொன்ன அதே குரலில் சொன்னேன். அவள் நம்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவளுடைய சாக்ஸ் இரண்டும் காலிலேயே இருந்தன. உப்புத் தண்ணீரும் கரியும் சேர்ந்து விறைத்திருந்தன. மெதுவாக உருவிக்கொண்டு போய் வராந்தாவிலிருந்த கழுவும் தொட்டியில் குழாயைத் திறந்தேன். அங்கே சோப்பு இல்லை. தொட்டியின் ஓட்டையில் யாருடைய முடியோ சுருண்டு கிடந்தது, ஒரு பருக்கை சோறும். தண்ணீர் கறுப்பாகப் போனது. கசக்கினேன். இன்னும் கறுப்பு. திரும்பக் கசக்கினேன். கணுக்கால் பட்டையில் பள்ளியின் நீலக் கோடு மெல்லத் தெரிய ஆரம்பித்தது. அது தெரியத் தெரிய என்னுடைய பயம் எங்கோ நின்றுவிட்டதைக் கவனித்தேன். கேட்பதற்கு ஒன்றும் இல்லை, யாரிடமும் இல்லை. கை, தண்ணீர், துணி. அலமாரியின் முன்னால் உட்கார்ந்து நான் தேடியது இதுதான் என்று தெரிந்தது. அதுவும் எப்படிப்பட்ட இடத்தில், எதற்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. முடி அடைத்த தொட்டியில், குழந்தையின் வயிற்றிலிருந்து வந்த கரியில். கிடைத்ததற்காக நன்றி சொல்லத் தோன்றவில்லை. இப்போதா வருவாய், இங்கேயா வருவாய் என்றுதான் தோன்றியது. ஆனாலும் நீலக் கோடு முழுதாகத் தெரியும் வரை குழாயை நான் மூடவில்லை.

இப்போதும் வீட்டில் தினம் விளக்கேற்றுகிறேன். உட்காருவதில்லை. ஏற்றிய கையோடு கீழ்த் தட்டை ஒரு தடவை டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திவிடுகிறேன். வீட்டில் வெற்றிலை வாங்குவதில்லை.

அன்று சாக்ஸைப் பிழிந்து ஜன்னல் கம்பியில் போட்டபோது மதியச் சாப்பாட்டு வண்டி வார்டுக்குள் வந்தது. சாம்பார் வாசனை. அதற்குப் பின்னாலேயே என் தம்பி வந்தான். தோளில் துணிப் பை, விரல்களில் டில்லரின் கறுப்பு எண்ணெய். எதிர்வீட்டு அம்மாள் சொல்லி அனுப்பியிருக்கிறார். ஆட்டோவிலிருந்து ஓடி வந்ததில் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகளின் கறுத்த உதட்டைப் பார்த்ததும் அப்படியே நின்றான்.

வழக்கமாக அவனை மாப்ளை என்று கூப்பிடும் என் கணவர், "என்னத்தடா வெச்சே?" என்றார். "பேரைச் சொல்லு. டாக்டர் காலையிலிருந்து கேட்டுக்கிட்டு இருக்காங்க."

தம்பி தரையில் குந்தினான். பையிலிருந்து துண்டை எடுத்தான், தண்ணீர்ப் பாட்டிலை எடுத்தான், அடியிலிருந்து ஒரு சிறிய அட்டைப்பெட்டியை எடுத்து டாக்டரின் கையில் கொடுத்தான். டாக்டர் பெயரைப் படித்தார். அவர் முகம் இறுகியது. இருக்கிறதிலேயே கெட்டது அது என்று எனக்குப் புரிந்துவிட்டது. பிறகு பெட்டியைத் திருப்பினார். மூடியை விரலால் தடவினார். மறுபடி தடவினார்.

"இது பிரிக்கவே இல்லையே," என்றார்.

தம்பி அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"அது இன்னைக்கு ராத்திரி வெக்கறதுக்குங்க்கா," என்றான். "நேத்து வெச்சது வெறும் உருண்டை, நம்ம டின்னுல இருந்தது. எடுத்தொடனே மருந்து வெச்சா எலி வாயே வெக்காதுங்க்கா. மொத நாளு வெறும் உருண்டை வெக்கோணும். தின்னுபோட்டு, ஒண்ணும் ஆவலீன்னு அதுக்கு நம்பிக்கை வரோணும். அப்பத்தான் அடுத்த நாளு மோந்துகூடப் பாக்காம திங்கும்."